கொடுக்கும் கையும் கேட்கும் வாயும்: அயல்நாட்டு உதவி குறித்து வேலூரில் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பாக, காட்பாடியில் எங்கள் தன்னார்வக் குழு கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்துகிறது. முதலுதவி செய்வது, பொட்டலம் கட்டுவது, முகாமில் பெயர் பதிவது ஆகியவற்றைச் சொல்லித்தர அரை நாள் போதும். மீதி அரை நாள் அவர்கள் கேட்கும் கேள்விகளில் போய்விடுகிறது. உள்ளூர் வெள்ளத்தில் தொடங்கும் பேச்சு செஞ்சிலுவைச் சங்கம், ஐ.நா., வன்னி, ஆப்பிரிக்கா என்று விரிந்துவிடும். அடிக்கடி வந்த கேள்விகளுக்கு நான் சொல்லும் விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மனிதாபிமான உதவிக்கும் நாம் செய்யும் தானதருமத்துக்கும் என்ன வேறுபாடு?

போர், பஞ்சம், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் உயிருக்கு ஆபத்து வந்தவர்களுக்கு, அவர்கள் யார், எந்தப் பக்கம் என்று பாராமல், உயிரையும் மானத்தையும் காப்பதற்காகச் செய்யப்படுவதே மனிதாபிமான உதவி. தானம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. கொடுக்காவிட்டால் யாரும் கேட்க முடியாது. மனிதாபிமான உதவியோ, பெறுகிறவருக்கு அதில் உரிமை உண்டு என்ற எண்ணத்தின் மேல் எழுப்பப்பட்டது. சாலை போடுவது, பள்ளிக்கூடம் கட்டுவது போன்ற வளர்ச்சிப் பணிகள் இதில் சேராது என்று நூல்களில் பிரித்துச் சொல்வார்கள். ஒரு முகாம் நாற்பது ஆண்டுகள் நீடித்துவிட்டால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை.

இது எப்போது, யாரால் தொடங்கப்பட்டது?

வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கம் 1859 ஜூன் 24. வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற ஊரருகே நடந்த போருக்குப் பிறகு, காயம்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்கள் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளின்றிக் கிடந்ததை ஹென்றி டியூனான் என்ற சுவிட்சர்லாந்து வணிகர் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று கேட்காமல் எல்லோருக்கும் கட்டுப்போட்டார். அவருடைய முயற்சியால் 1863இல் ஜெனீவாவில் அமைந்த குழுதான் பின்னர் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவானது. 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானது. இன்று நடைமுறையில் உள்ள நான்கு உடன்படிக்கைகள் 1949ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

இதைப் படித்துவிட்டு, உதவி என்பதே ஐரோப்பாவில் பிறந்து நமக்கு வந்தது என்று மாணவர்கள் நினைத்துவிடுவதுண்டு. வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியது 1867இல். சாதி, மதம் கேளாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு சோறு போட வேண்டும் என்பதை அவர் எந்த உடன்படிக்கையையும் பார்த்து எழுதவில்லை. டியூனானின் வழியில் புதிதாக வந்தது இரக்கம் அன்று. போரிடும் அரசுகளைக் கையெழுத்திட வைத்துக் கட்டுப்படுத்தும் சட்டம்.

தாது வருஷப் பஞ்சத்தை ஏன் பயிற்சியில் இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள்?

பின்னாளில் எழுந்த எல்லா அறச்சிக்கல்களும் அந்தப் பஞ்சத்தில் நம் மண்ணிலேயே முளைத்திருந்தன என்பதால்தான். 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் இறந்தவர்கள் குறைந்தது 50 இலட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. வட ஆர்க்காடு மாவட்டமும் அதில் சிக்கியது. அந்தக் காலத்திலும் இங்கிருந்து தானியம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை.

நிவாரணத்தைக் கண்காணிக்க அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவரே மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் வறட்சி வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்துப் பெரும் சாவைத் தடுத்தவர். அதற்குக் கிடைத்தது பாராட்டு அன்று, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற வசை. அந்த வசையைக் கழுவிக்கொள்ள வந்தவரைப் போலவே சென்னை மாகாணத்தில் அவர் நடந்துகொண்டார். நிவாரண வேலைத்தளத்தில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். அரிசியாகக் கணக்கிட்டால் சுமார் 1,600 கலோரி. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர், இந்த அளவில் உழைக்கும் உடம்பு கரைந்து போகும், தானியத்தைக் கூட்டிப் பருப்பும் காய்கறியும் தர வேண்டும் என்று விடாமல் வாதாடினார். மாதங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் இறந்தவர்களுக்கு அந்த வெற்றியால் பயனில்லை.

இன்று உலக நிவாரண அமைப்புகள் கைக்கொள்ளும் குறைந்தபட்ச அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரியும் 15 லிட்டர் தண்ணீரும் ஆகும். இவை 1990களில்தான் ஏட்டில் ஏறின. முகாமில் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று நாங்கள் கரண்டியை விட்டுப் பார்ப்பதைக் கண்டு புதிதாக வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள். கார்னிஷின் கதையைச் சொன்ன பிறகு அவர்களே முதலில் போய்க் கரண்டியை எடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1877இல் லண்டன் மேயரின் மாளிகையில் நிதி திரட்டப்பட்டு, முன்பின் பார்த்திராத பொதுமக்கள் கொடுத்த பணம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. விதைநெல்லுக்கும் கூரைக்கும் மாட்டுக்கும் அது உதவியது. வரி வாங்கும் அரசு கையைச் சுருக்கிக்கொள்ள, அதே நாட்டின் சாதாரண மக்கள் கையை விரித்தார்கள். கொள்கையால் வரும் பசியைக் கருணையால் ஈடுகட்ட முடியுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. 1878இல் பஞ்ச ஆணையம் அமைந்து, பஞ்சக் காலத்தில் அரசு செய்ய வேண்டியதை 1880இல் தன் அறிக்கையில் வகுத்தது அதன் விளைவு.

பஞ்சத்தில் சோறு போட்டு மதம் மாற்றினார்கள் என்பது உண்மையா?

வேலூரில் இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. பஞ்சத்தையொட்டிச் சென்னை மாகாணத்தில் ஏராளமானோர் கிறித்தவத்தில் சேர்ந்தது உண்மை. கஞ்சித்தொட்டி வைத்தவர்களில் மிஷனரிகள் பலர் இருந்ததும் உண்மை. பசித்தவர் ஒருவர் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று எப்படிச் சொல்வது என்ற ஐயம் அன்றைய மிஷனரிகளுக்கே இருந்தது. ஓங்கோலில் இருந்த ஜான் கிளஃப் என்ற அமெரிக்கர், பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் தூரம் வெட்டும் வேலையை ஒப்பந்தமாக எடுத்துப் பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். நிவாரணம் நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் யாருக்கும் ஞானஸ்நானம் தர மறுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம். அதன் பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர் தள்ளி வைத்தது நேர்மை என்பேன். ஆனால் உயிர் காத்தவரின் பக்கம் போகும் நன்றியையும், சாதி மிதித்த இடத்திலிருந்து எழுந்து போகும் ஆசையையும் பசியிலிருந்து பிரித்து அளக்க எந்தப் படியும் இல்லை. சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளானவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

நம் ஊர்க் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு திசையில் போனது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், குழந்தையாக அந்தப் பஞ்சத்தைக் கண்டவர். பின்னர் திண்டிவனத்தில், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். 1902இல் அமெரிக்க நன்கொடையில் மருத்துவமனை எழுந்தது. அவர் எடுத்த பெரிய முடிவாக நான் கருதுவது 1918இல் எடுத்தது. வெளிநாட்டிலிருந்து மருத்துவர்களை வரவழைத்துக்கொண்டே இருப்பதைவிட, இங்குள்ள பெண்களை மருத்துவர்களாக்குவது என்று பள்ளி தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற பின் அந்நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்புக்கு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர் வந்தார். பணம் வெளியிலிருந்து வந்தது. கையும் அறிவும் இங்கேயே ஊன்றின.

அதே மருத்துவமனையில் 1946இல் பணிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். குணமாகி வெளியே போன ஒருவர் திரும்பி வந்து, கை நன்றாக இருப்பதால் இப்போது யாரும் பிச்சை போடுவதில்லை, நோயின் வடு இருப்பதால் வேலையும் கொடுப்பதில்லை என்று முறையிட்டாராம். அதன் பிறகுதான் வளாகத்திலேயே சிறு குடியிருப்பு அமைத்துத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். உதவி செய்தவரிடம் உதவி பெற்றவர் திரும்பி வந்து குறை சொல்ல முடிந்தது. சொன்னதற்குப் பலனும் இருந்தது. இவ்வளவு நீளமாக இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நடுநிலை என்ற பெயரில் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பது சரியா?

இதற்கு ஒரே விடை என்னிடம் இல்லை. நடந்தவற்றைச் சொல்கிறேன்.

செஞ்சிலுவைக் குழு பேசாமல் இருப்பதன் மூலம் உள்ளே போகும் வழியைக் காப்பாற்றிக்கொள்கிறது. சிறைக் கதவு திறக்க வேண்டுமானால் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கின் விலை 1942 அக்டோபரில் தெரிந்தது. நாஜிகளின் யூதப் படுகொலை பற்றிய செய்திகள் கையில் இருந்தும், பகிரங்க வேண்டுகோள் விடுவதில்லை என்று ஜெனீவாவில் அக்குழு முடிவெடுத்தது. பல பத்தாண்டுகள் கழித்து அதைத் தன் தோல்வி என்று அதுவே ஒப்புக்கொண்டது.

நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாஃப்ராவில் 1967 முதல் 1970 வரை நடந்த போரிலும் பட்டினியிலும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பணிபுரிந்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் வாய்மூடி இருக்க முடியாது என்று வெளியே வந்து, 1971 டிசம்பரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆனால் இரவில் உணவு விமானங்கள் இறங்கிய அதே ஓடுதளத்தில்தான் ஆயுத விமானங்களும் இறங்கின. எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களைப் பயாஃப்ரா தலைமை தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. உதவி போரை நீட்டித்ததா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பேசினாலும் யாராவது ஒருவர் அந்தப் பேச்சைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்கள்.

நமக்கு நெருக்கமானது, இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் நடந்த வன்னி. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதையடுத்து, ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். மக்கள் அலுவலக வாசலில் கூடி, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். அதன் பின் நடந்ததற்கு வெளியிலிருந்து சாட்சியாக நிற்க மிகச் சிலரே எஞ்சினார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையைத் திரட்டி வைத்திருந்தும் ஐ.நா. அதைப் பகிரங்கமாக வெளியிடத் தயங்கியது. 2012 நவம்பரில் வந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கையே அதைக் கடும் தோல்வி என்று எழுதியது. வாயைத் திறக்காத செஞ்சிலுவைக் குழுவோ 2009இல் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தது. மௌனம் ஒரு கப்பலுக்கு வழி திறந்திருக்குமானால், அந்தக் கப்பலில் ஏறியவர்களின் முன்னால் நின்று அந்த மௌனத்தைப் பழிக்க என்னால் முடியாது. ஆனால் கப்பலும் இல்லாமல் சாட்சியும் சொல்லாமல் காத்த மௌனத்துக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.

உதவிப் பொருள் கொலைகாரர்களின் கைக்குப் போகிறது என்று தெரிந்தால் நிறுத்திவிட வேண்டுமா?

1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடத்தியவர்கள், தோற்றதும் மக்களையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஜையர் (இன்றைய காங்கோ) நாட்டின் கோமாவுக்குள் நுழைந்தார்கள். சில நாட்களில் பத்து இலட்சம் பேர். காலரா பரவி ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உலகம் ஓடிவந்து உதவியது. வந்த அரிசியையும் எண்ணெயையும் பங்கிடும் அதிகாரம் முகாம்களில் கொலைப்படைத் தலைவர்களிடமே இருந்தது. ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி, மிகுந்ததை விற்று, திரும்பத் தாக்குவதற்குத் தயாரானார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த நவம்பரில் வெளியேறியது. அதே அமைப்பின் வேறு பிரிவுகள், குழந்தைகளை விட்டுப் போக முடியாது என்று மேலும் பல மாதங்கள் தங்கின. ஒரே கொள்கையை வைத்துக்கொண்டு இரு தரப்பினரும் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள்.

எந்த முடிவு சரி என்று மாணவர்கள் என்னை விரட்டிக் கேட்பார்கள். தங்கியவர்களைத்தான் என் மனம் நாடுகிறது என்று சொல்லிவிடுவேன். ஆயினும் பட்டியலை யார் கையில் கொடுக்கிறோம் என்பதே முதல் தவறு நடந்த இடம். நம் ஊர் வெள்ளத்தில்கூட டோக்கன் கட்டை ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தால், அவருடைய தெருவுக்கு இரண்டு முறை போகும், பின்னால் இருக்கும் காலனிக்கு வராது.

அரசுகள் அனுப்பும் உதவியில் அரசியல் இல்லாமல் இருக்குமா?

இருந்ததில்லை. 1970களில் நான் காட்பாடியில் தொடக்கப்பள்ளியில் படித்தபோது மதியம் கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் வழியாக வந்த அமெரிக்கக் கோதுமை அது. எண்ணெய் டின்னின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது போன்ற படம் இருக்கும். காலியான டின்னை ஆயா எடுத்துப் போய்க் கைப்பிடி வைத்துத் தண்ணீர் சேந்துவார். அந்தக் குலுக்கும் கைகள் கிணற்றுக்குள் இறங்கி ஏறுவதைப் பார்த்தபடி வரிசையில் உட்கார்ந்திருப்போம். எனக்கு அந்த உப்புமா பிடித்திருந்தது. அதே கோதுமையை 1960களின் நடுவில் அதிபர் ஜான்சன் மாதத்துக்கு மாதம் இழுத்துப் பிடித்துத்தான் இந்தியாவுக்கு விடுத்தார். வேளாண் கொள்கையை மாற்றச் சொன்னதோடு, வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தட்டுக்கு வந்ததும் அந்த நெருக்கடியைத் தாண்டி வந்த பண்டம்தான் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் உண்ட சோறு கசந்துவிடவில்லை. ஆனால் பசித்திருக்கும் நாட்டின் வாயைப் பிறர் அடைக்க முடியும் என்று புரிந்தது.

கொடுக்கும் இடத்தில் இருக்கும்போது நாமும் வேறுவிதமாக நடக்கவில்லை. யாழ்ப்பாணம் முற்றுகையில் இருந்த 1987 ஜூனில், இந்தியா அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4 அன்று, மிராஜ் போர் விமானங்களின் காவலோடு ஐந்து சரக்கு விமானங்கள் 25 டன் உணவும் மருந்தும் யாழ்ப்பாணத்தின் மேல் போட்டன. அந்த நடவடிக்கைக்குப் பூமாலை என்று பெயர். 25 டன் அந்த மக்களுக்கு எத்தனை வேளைக்குக் காணும்? அது பசிக்கு அனுப்பியதைவிடக் கொழும்புக்கு அனுப்பிய சேதி என்பதே சரி.

உதவியைப் போருக்கு முகமூடியாக்குவது இதைவிடக் கொடியது. 2001இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க விமானங்கள் போட்ட உணவுப் பொட்டலமும் மஞ்சள், வெடிக்காமல் கிடந்த கொத்துக் குண்டும் மஞ்சள். எது எது என்று மக்களுக்கு வானொலியில் எச்சரிக்க வேண்டியிருந்தது. 2011இல் பின்லேடனைக் கண்டுபிடிக்க அபோட்டாபாத்தில் பொய்யான தடுப்பூசி முகாம் நடத்தப்பட்டது. அதன் பின் பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் ஒற்றர் என்ற சந்தேகத்துக்கு ஆளானார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பழைய துணி கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் மலைபோல் குவிந்து மழையில் நனைந்து கிடந்த துணிகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடலோர மக்கள் அவற்றைத் தொடவில்லை. எல்லாம் இழந்தவரிடம், நான் உடுத்திக் கழித்தது உனக்குப் போதும் என்று சொல்வது அது. அந்தச் சமயத்தில், தொடங்கி ஒரு வாரம் பத்து நாளிலேயே, சுனாமிக்குத் தேவையான பணம் சேர்ந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறிவித்தது. பலர் கோபித்துக்கொண்டார்கள். உதவி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அறிவிப்புகளில் அது ஒன்று.

அவர்களுக்கு என்ன தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் பல ஆண்டுகளாகக் காணாத வெள்ளம் வந்தபோது, கரையோரக் குடும்பங்கள் ஓர் அரசுப் பள்ளியில் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள். நாங்கள் பாயும் போர்வையும் பிஸ்கட்டும் கொண்டுபோனோம். பெண்கள் வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். எங்களோடு வந்த மாணவி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்த பிறகுதான் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது தெரிந்தது. இரண்டு நாட்களாக இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில், கடையிலிருந்து வாங்கி வந்து திருகாணி போட்டு முடித்த வேலை அது.

அங்கேயே ஒரு பீடித் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும், என்னிடம் வந்து, "துணியெல்லாம் வேணாம் சார், ஒரு கத்திரியும் முறமும் வாங்கிக் குடுங்க, கம்பெனியில இலை குடுத்தா உக்காந்து சுத்துவேன்" என்றார். அவருடைய முறம் ஆற்றோடு போயிருந்தது. எங்கள் பட்டியலில் எழுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன, கத்திரி இல்லை.

பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா?

கடை திறந்திருந்தால் பணம். அவரவர் தேவையை அவரவர் அறிவார்கள். கடையே மூழ்கியிருந்தால் பொருள். பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை; குடும்பத் தலைவியின் கணக்கில் போடுங்கள் என்கிறேன்.

உதவி வழங்கும்போது படம் எடுக்கலாமா?

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அரிசிப் பையை இருவர் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவர் படக்கருவியைப் பார்க்கும் வரை கொடுப்பவர் பிடியை விடாமல் நிற்கும் காட்சியை எங்கள் குழுவில் தடைசெய்துவிட்டோம். வேறோர் அமைப்போடு சேர்ந்து வழங்கியபோது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட ஓர் அம்மாவை, "கொஞ்சம் எடுங்கம்மா" என்று மூன்று முறை சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றும் தடுக்கவில்லை. இன்று நாங்கள் அடுக்கிய மூட்டைகளையும் கையெழுத்துத் தாளையும் மட்டும் படம் எடுக்கிறோம். பயாஃப்ராவிலிருந்து எத்தியோப்பியா வரை குழந்தைகளின் விலா எலும்புகளைக் காட்டித்தான் உலகத்தின் பணப்பை திறந்தது என்ற உண்மை இருக்கிறது. அந்தக் குழந்தைகளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

வெளிநாட்டு அமைப்புகளில் ஆபத்தான வேலை யாருக்குப் போகிறது?

உள்ளூர்க்காரர்களுக்கு. 2006 ஆகஸ்டில் திருகோணமலை மாவட்டம் மூதூரில், பட்டினிக்கு எதிராகச் செயல்படும் பிரெஞ்சு அமைப்பொன்றின் பணியாளர்கள் 17 பேர் தம் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீரும் சுகாதார வசதியும் செய்துகொண்டிருந்தவர்கள். ஒருவர்கூட வெளிநாட்டவர் அல்லர். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஆபத்தைச் சுமப்பவர்களிடம் பணமும் முடிவும் இருப்பதில்லை. உலக நிவாரண நிதியில் நான்கில் ஒரு பங்கை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு நேரே தருவோம் என்று பெரிய கொடையாளர்கள் 2016இல் ஒப்பினார்கள். அந்த இலக்கின் அருகில்கூட அவர்கள் வரவில்லை. நம் நாட்டில் 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, ஓர் அமைப்பு பெற்ற அயல்நாட்டுப் பணத்தை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பெரிய அமைப்பின் நிழலில் இயங்கிய சிற்றூர்க் குழுக்களுக்கு இது வாசலை அடைத்துவிட்டது. 2025இல் அமெரிக்க அரசு தன் அயலுதவி முகமையையே மூடியபோது, ஒரே நாட்டைச் சார்ந்திருந்த பல நாடுகளில் மருந்தகங்கள் ஒரே வாரத்தில் கதவடைத்தன.

மேல்மொணவூர் முகாமில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?

1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலூரைச் சுற்றியும் முகாம்கள் உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே அவர்கள் பெறுவது அரசின் மனம் தரும் உதவியே தவிரச் சட்டம் தரும் உரிமை அன்று. தமிழக அரசு 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அவ்வாண்டு நவம்பரில் மேல்மொணவூரில் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வீடு நல்லது, வர வேண்டியதுதான். இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் பெற்று, எந்த நாட்டுக் குடிமகளும் அல்லாத ஒரு பெண் எங்கள் பயிற்சிக்கு வந்திருந்தாள். நிவாரணம் எத்தனை நாளைக்கு என்று பொதுவாக ஒருவர் கேட்டபோது அவள்தான் சொன்னாள், "எங்க வீட்டுல மூணு தலைமுறைக்கு சார்" என்று.

நாம் பிற நாட்டுக்கு உதவியபோது எப்படி நடந்துகொண்டோம்?

2022இல் இலங்கை பொருளாதாரத்தில் நொறுங்கியபோது, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பொடி, மருந்துகள் அனுப்பத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழர்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்ற எண்ணமே முதலில் இருந்தது. அப்படிப் பிரிக்காதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் ஈழத் தமிழ்த் தலைவர்கள்தாம் என்று முதலமைச்சர் அவையில் சொன்னார். 2009ஐக் கண்ட ஒரு மக்களின் தரப்பிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

அடுத்த வெள்ளத்தில் எங்களை முதலில் என்ன செய்யச் சொல்வீர்கள்?

நீளமான கோடிட்ட நோட்டு ஒன்றை வாங்கி, பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் "அவர்கள் கேட்டது", வலப்பக்கம் "நாம் கொடுத்தது" என்று எழுதுங்கள். முதல் நாள் இடப்பக்கத்தை மட்டும் நிரப்புங்கள், பெண்களிடம் பெண்களே போய்க் கேளுங்கள், காலனியிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் நாள் அந்தப் பக்கங்களை நகலெடுத்து முகாமின் சுவரில், எல்லோரும் படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள். 2021 நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் ஏழாம் பக்கத்தில் இடப்புறம் "கத்திரி, முறம் - 1" என்று இருக்கிறது. வலப்புறம் நான்கு நாள் தள்ளிய தேதியோடு "கத்திரி - 23, முறம் - 23" என்று இருக்கிறது. சுவரில் அதைப் பார்த்த பிறகு மற்றப் பெண்களும் வந்து கேட்டிருந்தார்கள்.